படம் ஏன் மங்கலாக வருகிறது? டிஜிட்டல் கேமராவில் கூர்மையான படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடுக்கிற படமெல்லாம் மங்கலாக இருக்கிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்பு படத்தைப் படியுங்கள். மங்கல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு கோளாறுகள். ஒவ்வொன்றும் படத்தில் தன் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும்படி திறந்து, மூலைக்கு மூலை பாருங்கள்.

தூரத்து விளக்கு, கண்ணில் மின்னும் ஒளித்துளி, இலை நுனி போன்ற சிறு புள்ளிகள் எல்லாமே ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. பின்னாலிருக்கும் சுவரும் செடியும் தெளிவாக இருக்க, ஓடுகிற குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால், அந்த ஓட்டத்துக்கு ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் திரை திறந்து மூடும் வேகம்) போதவில்லை. கோடு எதுவும் இல்லாமல் முகம் மட்டும் கலங்கலாக இருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதோ ஒன்று பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே கூர்மை இல்லை, மேலே பால் படிந்ததுபோல் படம் வெளிறியும் இருக்கிறது என்றால் கண்ணாடியில் விரல் தடம், ஈரம், தரமற்ற ஃபில்டர் இவற்றைச் சந்தேகியுங்கள். தோலும் தலைமுடியும் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தால், கேமரா நாய்ஸை (படத்தில் புள்ளி புள்ளியாக விழும் கறையை) அழிக்கப்போய் நுண்விவரத்தையும் சேர்த்து அழித்திருக்கிறது.

அடையாளம் தெரிந்ததும் படத்தோடு பதிவாகியிருக்கும் தகவலைத் திறந்து ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு), குவியத் தொலைவு (லென்ஸின் மி.மீ. எண்) நான்கையும் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பெரும்பாலும் காரணம் ஷட்டர் வேகம். அதற்கு அடுத்தது ஃபோகஸ். லென்ஸின் தரம் வரிசையில் கடைசியாக வருகிறது. கேமராவோடு வரும் சாதாரண 18-55 மி.மீ. லென்ஸ்கூட நல்ல வெளிச்சத்தில், எஃப்/8-இல், அசையாமல் எடுத்தால் நல்ல கூர்மை தரும்.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் எவ்வளவாவது இருக்க வேண்டும்?

பழைய கணக்கு ஒன்று இன்றும் உதவும்: 1-ஐக் குவியத் தொலைவால் வகுத்தால் வருவதே குறைந்தபட்ச வேகம். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 விநாடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. இது ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கான, அதாவது பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவுக்கான கணக்கு. சென்சார் சிறியதாக இருந்தால் அதன் க்ராப் எண்ணால் (ஃபுல் ஃப்ரேமைவிட எத்தனை மடங்கு சிறியது என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும். நிக்கான், சோனி, ஃபியூஜி க்ராப் கேமராக்களுக்கு 1.5, கேனான் க்ராப் கேமராக்களுக்கு 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களுக்கு 2. ஆக, 1.5 க்ராப் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 1/300-க்குக் கீழே இறங்கக் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கு ஃபிலிம் காலத்தது. கைக்கு அடக்கமான பிரிண்ட் போட்டுப் பார்த்த காலத்துக்குப் பொருந்தியது. 24 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் பார்ப்பவர்களுக்கு அது போதாது. கணக்கில் வரும் வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்: 50 மி.மீ.க்கு 1/100, 200 மி.மீ.க்கு 1/400. கை நடுக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் உங்கள் எல்லையை நீங்களே கண்டுபிடிப்பதுதான் சரி. செய்தித்தாள் பக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படம் எடுங்கள். பத்தில் குறைந்தது எட்டுப் படம் கூர்மையாக வருகிற மிக மெதுவான வேகம் எதுவோ, அதுவே உங்கள் கைக்கான எல்லை.

ஆட்கள், குழந்தைகள், பறவைகள் என்று அசைபவற்றை எடுக்க எவ்வளவு வேகம் வேண்டும்?

உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/125. நடப்பவருக்கு 1/250 முதல் 1/500. ஓடி விளையாடும் குழந்தைகளுக்கு 1/500 முதல் 1/1000. விளையாட்டுப் போட்டிக்கு 1/1000. பறக்கும் பறவைக்கு 1/2000. சிறகை வேகமாக அடிக்கும் சிறு பறவை என்றால் அதற்கும் மேல்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது புரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 5 மீட்டர் தள்ளி ஒருவர் விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் உங்களுக்குக் குறுக்கே நடக்கிறார். உங்களிடம் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாரின் மேல் அவர் உருவம் விநாடிக்குச் சுமார் 14 மி.மீ. நகரும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான் (0.006 மி.மீ.). கணக்குப் போட்டால் 1/60 விநாடியில் அவர் சுமார் 39 பிக்சல் இழுபடுகிறார். 1/250-இல் 9 பிக்சல். 1/1000-இல் 2 பிக்சல் சொச்சம். கைபேசித் திரையில் 9 பிக்சல் இழுபட்டது கண்ணுக்கே தெரியாது. பெரிதாக பிரிண்ட் போட்டால் தெரியும். எந்த அளவில் பார்க்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

அதே ஆள் உங்களை நோக்கி நேராக நடந்து வந்தால் சென்சாரில் உருவம் அவ்வளவு நகராது; பாதி வேகம்கூடப் போதும். ஆட்டம், ஓட்டம், ஊஞ்சல் எல்லாவற்றிலும் உச்சத்தில் ஒரு நொடி அசைவு நின்று திரும்புகிற இடம் உண்டு. அந்த இடத்தில் அமுக்கப் பழகினால் வெளிச்சம் குறைவான அரங்கில்கூட 1/200-இல் கூர்மையான படம் கிடைக்கும்.

லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. பிறகும் ஏன் மங்கல்?

அது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான் சமன் செய்யும்; எதிரே நிற்பவர் தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 3 ஸ்டாப் திறன் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) என்றால் 1/200-இல் எடுக்க வேண்டியதை 1/25-இல் எடுக்கலாம் என்று பொருள். மலைக்கும் கட்டடத்துக்கும் அது பெரிய வரம். 1/25-இல் மனிதர்கள் அசையாமல் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: பட்டனைப் பாதி அமுக்கியதும் ஸ்டெபிலைசேஷன் நிலைகொள்ள ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சன்னலில்) காட்சி மிதந்து, பின் அமைதியாவதைப் பார்க்கலாம். அந்த அமைதி வருமுன் முழுதாக அமுக்கினால் பலன் குறையும்.

கேமராவை எப்படிப் பிடித்தால் ஆட்டம் குறையும்?

இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் தாங்கலாக இருக்கட்டும், பக்கவாட்டில் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்கைகளும் விலாவை ஒட்டியிருக்க வேண்டும். வியூஃபைண்டர் இருந்தால் கண்ணை அதில் பதித்துவிடுங்கள். நெற்றி மூன்றாவது தாங்கலாகிவிடும். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பிடி. வியூஃபைண்டர் இல்லாத சிறிய கேமரா என்றால் கழுத்துப் பட்டையை இறுக்கமாக முன்னால் இழுத்துப் பிடித்து எடுங்கள். அந்த இழுவிசையே ஆட்டத்தைக் குறைக்கும்.

மூச்சை விட்டு முடித்த கணத்தில் பட்டனை மெல்ல அமுக்குங்கள், குத்தாதீர்கள். அமுக்கியதும் விரலைச் சட்டென்று எடுத்துவிடாமல் ஒரு கணம் அப்படியே வைத்திருங்கள். வேகத்தைக் கூட்ட வழியே இல்லாதபோது தொடர் படமாக மூன்று நான்கு எடுங்கள். விரல் அமுங்கும் அதிர்ச்சி முதல் படத்திலும், விரல் விலகும் அதிர்ச்சி கடைசிப் படத்திலும் விழுவதால் நடுவில் உள்ளவை பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

வெளிச்சம் போதவில்லை. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் கெட்டுவிடாதா?

ஏற்றுங்கள். நாய்ஸ் விழுந்த கூர்மையான படத்தைப் பின்னால் சரிசெய்யலாம். இழுபட்ட படத்தைச் சரிசெய்வது கடினம். ஐஎஸ்ஓ 100-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு 1/15 விநாடியில் எடுப்பது பலரும் செய்கிற தவறு. அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் 4 ஸ்டாப் கூடி, வேகம் 1/240-ஐ ஒட்டி வந்துவிடும்.

பெரும்பாலான கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓ அமைப்பில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நீங்களே குறிப்பிட்டு வைக்கலாம். ஆட்கள் படத்துக்கு 1/250, உச்ச ஐஎஸ்ஓ 6400 என்று வைத்துவிட்டால் கேமரா முதலில் ஐஎஸ்ஓவை ஏற்றும். அதற்கு மேல் வழியில்லாமல் போனால்தான் வேகத்தைக் குறைக்கும். கூர்மைக்காகச் செய்யக்கூடிய ஒரே ஒரு அமைப்பு மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜேபெக்காக எடுப்பவர்கள், அதிக ஐஎஸ்ஓவில் கேமரா தானாகச் செய்யும் நாய்ஸ் நீக்கத்தைக் 'குறைவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் தலைமுடி தலைமுடியாக இருக்கும்.

முகத்தை எடுத்தேன், காது தெளிவாக இருக்கிறது, கண் மங்கல். ஏன்?

ஃபோகஸ் புள்ளியைக் கேமரா தேர்ந்தெடுத்திருக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால் அது பெரும்பாலும் தனக்கு மிக அருகில் இருப்பதையோ ஒளி வேறுபாடு அதிகமுள்ள விளிம்பையோ பிடித்துக்கொள்ளும். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதை உங்களுக்கு அருகிலிருக்கும் கண்ணின் மேல் வையுங்கள்.

பட்டனை ஒரே மூச்சில் அமுக்கிவிடுவதும் காரணமாக இருக்கலாம். பாதி அமுக்கி, ஃபோகஸ் உறுதியான பீப் ஒலியோ பச்சைச் சதுரமோ வந்தபிறகு மீதியை அமுக்க வேண்டும். சிறிய கேமராக்களில் பாதி மங்கல் இதனாலேயே வருகிறது.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, பட்டனை விடாமல் கேமராவைத் திருப்பி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தூரத்துக் காட்சிக்கு அதனால் பாதகமில்லை. அருகில், பெரிய அபெர்ச்சரில் அது கைவிடும். 1.5 மீட்டர் தூரத்தில் கண்ணில் ஃபோகஸ் செய்து கேமராவை 15 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து அதே தூரத்தில் எடுத்தால் ஃபுல் ஃப்ரேமில் தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. சொச்சம்தான். காது தெளிந்து கண் கலங்கியதற்கு வேறு விளக்கமே வேண்டாம். புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்துங்கள், கேமராவைத் திருப்பாதீர்கள். எஃப்/2.8 அல்லது எஃப்/4-க்கு மூடினாலும் நிம்மதிதான்.

ஃபோகஸ் முறையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நிற்பவற்றுக்கு ஒருமுறை பிடித்துப் பூட்டும் முறை: நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-எஸ், கேனானில் ஒன் ஷாட். நகர்பவற்றுக்குத் தொடர் முறை: ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ. நடந்து வருகிறவரைப் பூட்டும் முறையில் எடுத்தால், பூட்டியதற்கும் அமுக்கியதற்கும் நடுவே அவர் ஓர் அடி முன்னால் வந்திருப்பார்.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஃபோகஸ் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

தானியங்கி ஃபோகஸுக்கு ஒளி வேறுபாடு வேண்டும். வெற்றுச் சுவர், மேகமற்ற வானம், இருட்டில் கறுப்புத் துணி இவற்றில் பிடிக்க விளிம்பே இல்லை. அதே தூரத்தில் உள்ள ஒரு விளிம்பைத் தேடுங்கள்: சட்டைக் காலர், சன்னல் சட்டம், எழுத்து. டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் (ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி உள்ளே இருப்பவை) ஓரப் புள்ளிகள் சில, ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும். கேமராவைச் சற்றுச் சாய்த்தால் பிடித்துவிடும், பிடித்தபின் நிமிர்த்திக்கொள்ளலாம். நடுப்புள்ளி பெரும்பாலும் இரு திசையையும் உணரும் குறுக்குப் புள்ளி என்பதால் இருட்டில் அதுவே நம்பகமானது.

மிக அருகில் போய்விட்டீர்களா என்றும் பாருங்கள். லென்ஸின் மேல் குறைந்தபட்ச தூரம் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தூரம் லென்ஸ் முனையிலிருந்து அளப்பதல்ல. சென்சார் தளத்திலிருந்து அளப்பது. கேமராவின் மேல்பக்கம் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட சிறு குறி ஒன்று இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான்.

எப்போதுமே ஃபோகஸ் சற்றுப் பின்னால் விழுகிறது. சரிசெய்ய முடியுமா?

டிஎஸ்எல்ஆர் என்றால் முடியும். அதில் ஃபோகஸை அளப்பது தனி உணரி, படம் பதிவாவது வேறு சென்சார். இரண்டுக்கும் ஒளி போகும் பாதை வெவ்வேறு. அந்தத் தூரங்களில் சிறு வித்தியாசம் இருந்தாலும் ஒரே பக்கமாகத் தவறும். உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே அளந்துகொள்வதால் இந்தக் கோளாறு பொதுவாக எழாது.

சோதிப்பது இப்படி. அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். குவியத் தொலைவைப் போல் 50 மடங்கு தூரத்தில், அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 2.5 மீட்டரில், கேமராவை ட்ரைபாடில் தாளுக்கு நேராக நிறுத்துங்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிடுங்கள். பிறகு லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் முறையில், ஐந்து. லைவ் வியூ படங்கள் தொடர்ந்து கூர்மையாகவும் மற்றவை தொடர்ந்து மங்கலாகவும் இருந்தால்தான் கோளாறு உறுதி. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் அது திருத்தத்துக்கு அடங்காத தடுமாற்றம்; வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி சோதியுங்கள்.

உறுதியானால் மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கேனான், நிக்கான் கேமராக்களில் அளவு −20 முதல் +20 வரை இருக்கும். கூட்டல் பக்கம் நகர்த்தினால் ஃபோகஸ் கேமராவை விட்டு விலகிப் பின்னே போகும். கழித்தலில் முன்னே வரும். ஐந்து ஐந்தாக நகர்த்திச் சோதித்து, பிறகு ஒன்றொன்றாக நெருங்குங்கள். எல்லா டிஎஸ்எல்ஆரிலும் இந்த வசதி கிடையாது. தொடக்க நிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது.

எந்த அபெர்ச்சரில் லென்ஸ் மிகக் கூர்மை?

பெரும்பாலான லென்ஸ்கள் முழுதாகத் திறந்திருக்கும்போது சற்று மென்மையாக இருக்கும். இரண்டு ஸ்டாப் மூடினால் உச்சத்துக்கு வரும். எஃப்/2.8 லென்ஸுக்கு எஃப்/5.6, எஃப்/5.6-இல் தொடங்கும் ஜூமுக்கு எஃப்/8 முதல் எஃப்/11.

அதற்காக எஃப்/22-க்கு மூடினால் இன்னும் கூர்மை வரும் என்று நினைப்பது தவறு. சிறிய துளை வழியாகப் போகும் ஒளி விரிகிறது. ஒரு புள்ளி சென்சாரில் சிறு வட்டாக விழுகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் எஃப்/8-இல் சுமார் 11 மைக்ரான், எஃப்/16-இல் 21, எஃப்/22-இல் 30. உங்கள் சென்சாரின் பிக்சல் 4 அல்லது 6 மைக்ரான்தான். வட்டு இரண்டு மூன்று பிக்சலைத் தாண்டிப் பரவும்போது நுண்விவரம் கரையத் தொடங்கும். நடைமுறையில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8, க்ராப் சென்சாரில் எஃப்/11, ஃபுல் ஃப்ரேமில் எஃப்/16 இவற்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆழம் கட்டாயம் வேண்டுமென்றால் தாண்டலாம். ஃபோகஸ் இல்லாத மங்கலைவிட இந்த மங்கல் எவ்வளவோ மேல், கூர்மையாக்கினால் ஓரளவு திரும்பியும் வரும்.

அருகிலிருக்கும் பாறை முதல் தூரத்து மலை வரை எல்லாம் தெளிவாக வர எங்கே ஃபோகஸ் செய்வது?

ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸ், எஃப்/8 என்றால் 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு என்று அட்டவணைகள் சொல்லும். 1.5 க்ராப் சென்சாரில் 18 மி.மீ., எஃப்/8 என்றால் 2 மீட்டரில் ஃபோகஸ். 1 மீட்டர் முதல் தெளிவு.

அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். 0.03 மி.மீ. வரை கலங்கினாலும் தெளிவு என்று அது ஏற்றுக்கொள்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் அது 5 பிக்சல். மலை சற்று மென்மையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். எஃப்/11-க்கு மூடி, அட்டவணை சொல்லும் தூரத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி ஃபோகஸ் செய்யுங்கள். முன்னால் இருக்கும் பொருள் அரை மீட்டருக்குள் வந்துவிட்டால் ஒரே படத்தில் எல்லாம் அடங்காது. ட்ரைபாடில் வைத்து அருகே ஒன்று, நடுவே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று எடுத்து மென்பொருளில் சேர்க்க வேண்டியதுதான். பூச்சி, பூ போன்ற மிக நெருக்கப் படங்களுக்கும் இதே வழி. அங்கே ஆழம் மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால் பத்து இருபது படங்கள்கூடத் தேவைப்படும்.

ட்ரைபாடில் வைத்து எடுத்தும் மங்கல். இது எப்படி?

முதலில் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். ட்ரைபாடை உணர்ந்து தானே அடங்கும் லென்ஸ்களும் உண்டு. உங்கள் லென்ஸின் கையேடு அப்படிச் சொல்லாதவரை அணைத்துவிடுவதே பாதுகாப்பு. அசைவே இல்லாத இடத்தில் அசைவைத் தேடிக்கொண்டு அது தானே படத்தை நகர்த்திவிடும்.

விரல் அமுக்கும் அதிர்வு ட்ரைபாடிலும் உண்டு. 2 விநாடி டைமர் வையுங்கள். நீண்ட லென்ஸுக்கு 10 விநாடி, அல்லது ரிமோட். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி எழும் அதிர்வு ஏறத்தாழ 1/2 முதல் 1/30 விநாடி வரையிலான வேகங்களில்தான் அதிகம் தெரியும்; கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியை அல்லது லைவ் வியூவைப் பயன்படுத்துங்கள். மிரர்லெஸில் இயந்திர ஷட்டரின் முதல் திரை தரும் அதிர்வை மின்னணு முதல் திரை நீக்கிவிடும். முழு மின்னணு ஷட்டர் அதிர்வே இல்லாதது. ஆனால் வேகமாக நகர்பவை சாய்ந்து தெரியும், எல்இடி விளக்கொளியில் பட்டை விழும்.

நடுத்தண்டை உயர்த்தினால் ட்ரைபாட் ஒற்றைக்கால் ஆகிவிடுகிறது. கால்களை முழுதாக நீட்டியபிறகும் உயரம் போதாவிட்டால் மட்டும் தொடுங்கள். மெல்லிய அடிப் பகுதியைக் கடைசியில் நீட்டுங்கள். காற்றடித்தால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது படபடப்பதே போதும், படத்தைக் கெடுக்க. பையை நடுவில் தொங்கவிடுவதானால் அது தரையைத் தொட்டு நிற்கட்டும். அந்தரத்தில் ஆடினால் இருந்த உறுதியும் போய்விடும்.

300 மி.மீ.க்கு மேல் தூரத்துப் பொருள்கள் எப்போதும் கலங்கலாக வருகின்றன.

வேகமும் ஃபோகஸும் சரியாக இருந்தும் அடுத்தடுத்த படங்களில் விளிம்புகள் வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் குறை கேமராவில் இல்லை. நடுவிலுள்ள காற்றில் இருக்கிறது. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கும். எந்த லென்ஸாலும் இதை வெல்ல முடியாது. விடிந்ததும் எடுங்கள், அல்லது நெருங்கிப் போங்கள். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை, உலோகக் கூரை, சூடான வண்டியின் சன்னல் இவற்றின் மேலாக எடுப்பதைத் தவிருங்கள்.

டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) மாட்டியிருந்தால் 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப், 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப் ஒளி குறையும். லென்ஸின் குறைகளும் அதே அளவு பெரிதாகும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. அதை அணைத்தே வைத்திருங்கள்.

லென்ஸைத் துடைப்பது, ஃபில்டர், ஈரம் பற்றி?

ஒன்றிரண்டு தூசி கூர்மையைக் குறைக்காது. விரல் எண்ணெய் குறைக்கும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியாக மைக்ரோஃபைபர் துணி. தூசியை ஊதாமல் துடைப்பது மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். பின் கண்ணாடியில் படியும் அழுக்கு முன் கண்ணாடியில் படிவதைவிட அதிகம் கெடுக்கும், அதையும் பாருங்கள்.

பாதுகாப்புக்காக மாட்டிய யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே காட்சியை ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். நீண்ட லென்ஸ்களில் மலிவான ஃபில்டர் போடும் திரை அப்போது தெரியும்.

ஏசி அறையிலிருந்து வெக்கையான வெளிக்குக் கேமராவை எடுத்து வந்தால் கண்ணாடியில் பனி படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு திறங்கள். சேமித்து வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதமாக இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல்.

லென்ஸின் உள் கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கலாம். தூரத்திலுள்ள ஒரே பொருளை, எடுத்துக்காட்டாக ஒரு கோபுரத்தை, நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த மூலையிலேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒரு மூலை மட்டும் தொடர்ந்து மோசம் என்றால் லென்ஸ் பழுதுபார்ப்புக்குப் போக வேண்டும். நான்கும் ஒரே அளவில் மென்மை என்றால் அந்த லென்ஸின் இயல்பே அது, மூடிப் பயன்படுத்துங்கள்.

ரா கோப்பாக எடுத்தால் ஜேபெக்கைவிட மங்கலாகத் தெரிகிறதே?

ஜேபெக்கைக் கேமராவே கூர்மையாக்கித் தருகிறது. சென்சார் தந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பில் அந்த வேலை உங்களுடையது. லைட்ரூம் போன்ற மென்பொருளில் கூர்மையின் அளவு 40, ஆரம் (விளிம்பைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்குக் கூர்மையாக்குவது என்பது) 1.0 என்று தொடங்கியிருக்கும். நுண்விவரம் நிறைந்த காட்சிக்கு ஆரத்தை 0.8-க்குக் குறைத்து அளவை 60 வரை ஏற்றலாம். முகத்துக்கு ஆரம் 1.2, அளவு 40 போதும். மறைப்பு (மாஸ்கிங்) என்ற நகர்த்தியை ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு இழுத்தால், கூர்மையாகப்போகும் இடம் வெள்ளையாகத் தெரியும். வானமும் கன்னமும் கறுப்பாகும்வரை இழுங்கள். விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது.

கேமராவில் தெளிவாக இருக்கிறது, அனுப்பினால் மங்கலாகிவிடுகிறது.

செய்தி அனுப்பும் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். இணையத்துக்கு நீங்களே அளவைக் குறைத்து, குறைத்தபிறகு சிறிது கூர்மையாக்குங்கள். சுருக்கும்போது விளிம்புகள் மென்மையாகின்றன.

பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிடுங்கள். 6000 × 4000 பிக்சல் படம் 20 × 13 அங்குலத்துக்கு வரும். நடுவில் கால் பகுதியை வெட்டி எடுத்தால் 10 × 6.7 அங்குலம்தான்.

ஏற்கெனவே மங்கலாகிவிட்ட படத்தை மென்பொருளால் மீட்க முடியுமா?

கோளாறைப் பொறுத்தது. எஃப்/22-இன் மென்மை, லேசான ஃபோகஸ் பிசகு, இரண்டு மூன்று பிக்சல் ஆட்டம் இவை ஓரளவு சரியாகும். சிறிய அளவில் பார்த்தாலோ பிரிண்ட் போட்டாலோ தெரியாமலே போய்விடும். கண்ணுக்குப் பதில் பின்சுவரில் விழுந்த ஃபோகஸை எந்த நகர்த்தியும் திருப்பித் தராது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முகத்தைத் தெளிவாக்கிக் காட்டும். ஆனால் அந்த இமை முடிகளும் தோல் வரிகளும் அந்த மனிதருடையவை அல்ல, கருவி ஊகித்து வரைந்தவை. நெருங்கியவரின் படம் என்றால் 100 சதவீதத்தில் பார்க்கும்போது அது வேற்று முகமாகத் தெரியும். மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வைத்துக்கொண்டு, திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள்.